மானியம் யார் பெயருக்கு வருகிறது?



2023ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கிலோ 2 ரிங்கிட் 60 சென்னுக்கு விற்க வேண்டிய உள்ளூர் வெள்ளை அரிசி கடைகளில் காணாமல் போனது. பேரங்காடியில் ஒருவருக்கு இத்தனை மூட்டைதான் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். வரிசையில் நின்ற பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

காரணம் பெரிய மர்மம் அல்ல. செப்டம்பர் முதல் தேதி, பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக உயர்த்தியது. உள்ளூர் அரிசிக்கோ அரசாங்கம் உச்சவரம்பு விலை வைத்திருந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மூட்டைகள், இரண்டு விலைகள். மலிவான மூட்டையை எல்லாரும் தேடினார்கள். அதை விலை உயர்ந்த மூட்டைக்குள் மாற்றிக் கட்டியவர்களும் இருந்தார்கள் என்று அப்போது அதிகாரிகளே சந்தேகப்பட்டு ஆலைகளைச் சோதனை செய்தார்கள்.

அந்த நாட்களில் சந்தைக்குப் போன குடும்பத் தலைவிகள் ஒரு நியாயமான கேள்வியைக் கேட்டார்கள். நெல் விவசாயிக்கு அரசாங்கம் வருடா வருடம் மானியம் கொடுக்கிறதே, பிறகு அரிசி எங்கே? விவசாயி ஏன் இன்னும் ஏழை? அந்தப் பணமெல்லாம் யார் கைக்குப் போகிறது?

முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதில் மூன்றாவதில்தான் இருக்கிறது.

எடைக்குக் கிடைக்கும் பணம்

கிள்ளானிலிருந்து காப்பார், கோலசிலாங்கூர் வழியாக வடக்கே போனால் தஞ்சோங் காராங்கும் சிகிஞ்சானும் வரும். சிலாங்கூரின் நெற்களஞ்சியம் அது. விடுமுறை நாளில் பச்சை வயலின் நடுவே படம் எடுத்துக்கொள்ளப் போகிறவர்கள் அதிகம். நெல் காய்ந்து லோரியில் ஏறும் நாளில் போய்ப் பார்ப்பவர்கள் குறைவு. அன்றுதான் மானியம் பிறக்கிறது.

விவசாயி நெல்லை உரிமம் பெற்ற ஆலைக்குக் கொண்டுபோகிறார். ஈரம், பதர், அழுக்கு என்று ஒரு பங்கைக் கழிக்கிறார்கள். கழிவு போக நிற்கும் எடைக்கு ஆலைக்காரர் விலை கொடுக்கிறார். அந்த எடைச் சீட்டை வைத்து அரசாங்கம் தனியாக ஒரு தொகை கொடுக்கிறது. நெல் விலை மானியத் திட்டம் என்பது இதுதான். 1980இல் தொடங்கியது. நீண்ட காலம் டன்னுக்கு 248 ரிங்கிட் 10 சென் என்று ஒரே இடத்தில் நின்றது. 2024இல் அது 500 ரிங்கிட்டாக இருந்தது.

இதைத் தவிர உரமும் இலவசமாகக் கிடைக்கிறது. 1979இல் தொடங்கிய திட்டம் அது. ஹெக்டருக்குக் கலப்பு உரம் 240 கிலோ, யூரியா 80 கிலோ என்று கணக்கு. ஒருவருக்கு அதிகபட்சம் 10 ஹெக்டர் வரைதான்.

இப்போது 500 ரிங்கிட்டை வைத்து ஒரு கணக்குப் போடலாம். ஒரு ஹெக்டரில் ஒருவர் 5 டன் எடுக்கிறார், அவருக்கு ஒரு பருவத்துக்கு 2,500 ரிங்கிட் மானியம். நல்ல தண்ணீர், நல்ல விதை, நல்ல மண் இருக்கும் இடத்தில் இன்னொருவர் 10 டன் எடுக்கிறார், அவருக்கு 5,000. தண்ணீர் சரியாக வராத கடைக்கோடி வயலில் வேறொருவருக்கு 3 டன்தான் தேறியது, அவருக்கு 1,500. பூச்சி விழுந்து பயிர் முழுக்கப் போனவருக்கு எதுவும் இல்லை. உதவி அதிகம் தேவைப்படுகிறவருக்குக் குறைவாகக் கிடைப்பது இந்தத் திட்டத்தின் பிறவிக் குணம். அதிக விளைச்சலை ஊக்குவிக்கத்தான் இப்படி அமைத்தார்கள் என்று சொன்னால் அதிலும் உண்மை உண்டு. ஆனால் ஊக்கத்தொகையையும் ஏழைக்கான உதவியையும் ஒரே பெயரில் அழைக்கும்போதுதான் குழப்பம் வருகிறது.

அலோர் ஸ்டாரில் நடந்தது

மானியம் எவ்வளவு என்பது போலவே, எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதும் முக்கியம். இதை நம் நாட்டு விவசாயிகள் 1980 ஜனவரியிலேயே அரசாங்கத்துக்குச் சொல்லிவிட்டார்கள்.

அந்த ஆண்டு நெல் விலையோடு பிக்குலுக்கு 2 வெள்ளி சேர்த்துத் தருவதாக அறிவித்தார்கள். இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், ஒரு பிக்குல் என்பது சுமார் 60 கிலோ. ஆனால் அந்த 2 வெள்ளி ரொக்கமாகக் கைக்கு வராது, கட்டாயச் சேமிப்புக் கூப்பனாக வரும் என்றார்கள். விவசாயி பணத்தைச் செலவழித்துவிடுவான், சேமிக்கப் பழகட்டும் என்ற நல்லெண்ணம் அது.

கெடா விவசாயிகளுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் அலோர் ஸ்டாரில் மாநில அரசு அலுவலகத்தின் முன் திரண்டார்கள். அவர்கள் கேட்டது பிக்குலுக்கு 10 வெள்ளி, அதுவும் ரொக்கம். கடைக்காரரிடம் கடன் வைத்திருப்பவன் கூப்பனைக் காட்டி அரிசி, சீனி வாங்க முடியுமா? பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சட்டை வாங்க முடியுமா? ஆர்ப்பாட்டம் கலவரமாகி, பலர் கைதானார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் மானியம் பிக்குலுக்கு 10 வெள்ளி ஆனது. பிறகு 15 வெள்ளிக்கு உயர்ந்தது. டன்னுக்கு 248 சொச்சம் என்று ஒரு விநோதமான எண் எப்படி வந்தது என்று யோசித்திருப்பீர்கள். பிக்குலுக்கு 15 வெள்ளி என்பதை டன்னுக்கு மாற்றிப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்த எண்தான் வரும்.

அதே காலத்தில், அதே மூடா வட்டாரத்தில், அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஸ்காட் ஒரு கிராமத்தில் தங்கி எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார். அவருடைய புத்தகம் 1985இல் வந்தது. இருபோக சாகுபடி வந்து நெல் லாபமான பிறகு நிலச் சொந்தக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதை அதில் காணலாம். சிலர் குத்தகைக்காரர்களை அனுப்பிவிட்டு நிலத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். சிலர் குத்தகையை உயர்த்தி, பருவம் தொடங்கும் முன்பே பணத்தைக் கேட்டார்கள். அறுவடை இயந்திரம் வந்த பிறகு அரிவாள் பிடித்தவர்களுக்கும் வேலை போயிற்று. நிலமில்லாதவர்களின் வருமானம் சுருங்கியது.

இது கெடாவுக்கு மட்டும் உரிய கதை அல்ல. நெல்லுக்கோ நிலத்துக்கோ மானியம் கூடினால், பல இடங்களில் குத்தகையும் கூடவே ஏறுவது உண்டு. "இப்போது டன்னுக்கு 500 கிடைக்கிறதே, குத்தகையைக் கொஞ்சம் சேர்த்துக் கொடு" என்று நிலத்துக்காரர் கேட்டால், குத்தகைக்காரர் என்ன பதில் சொல்வார்? அரசாங்கம் வலது கையில் கொடுத்ததை அவர் இடது கையால் எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். இன்னும் மோசமான நிலையும் உண்டு. பதிவு நிலத்துக்காரர் பெயரிலேயே இருந்தால், மானியமும் உர மூட்டையும் நேராக அவருக்கே போகும். வயலில் இறங்கியவர் தன் உரத்தைக் கடையில் காசு கொடுத்து வாங்குவார்.

நம்மவர் எங்கே நிற்கிறார்கள்?

நெல் நம்மவர் தொழில் இல்லையே, இதை ஏன் இவ்வளவு நேரம் பேச வேண்டும் என்று சிலருக்குத் தோன்றலாம். பெயருக்கும் பாரத்துக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள நெல்லே நல்ல பாடம். அந்தப் பாடம் நம்மவருக்குத்தான் அதிகம் தேவை.

ஓர் உதாரணம். காப்பார் பக்கமோ பந்திங் பக்கமோ மூன்று ஏக்கரில் வெண்டியும் கீரையும் கத்தரியும் போடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், இவரைப் போல் பலர் இருக்கிறார்கள். தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டம் வந்தபோது வெளியே வந்தார். அரசாங்க நிலத்திலோ, மின்கம்பிக் கோபுரத்துக்குக் கீழோ, முன்னாள் தோட்டத்தின் ஓரத்திலோ மண்ணைக் கொத்தத் தொடங்கினார். இருபது முப்பது வருடம் ஆகிவிட்டது. காலை நான்கு மணிக்குக் கீரையைக் கட்டி மார்க்கெட்டுக்கு அனுப்புகிறார். மாடு நான்கைந்து நிற்கிறது, பாலும் போகிறது. இவர் விவசாயி இல்லையென்று யாராவது சொல்ல முடியுமா?

ஆனால் வெள்ளம் வந்து பயிர் அழுகினால், நிவாரணத்துக்கு அதிகாரி முதலில் கேட்பது, "நிலம் யார் பெயரில்? துறையில் பதிவு இருக்கிறதா?" என்பதுதான். அங்கே இவர் தடுமாறிப் போகிறார்.

நம் நாட்டுச் சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. நிலமும் விவசாயமும் அரசியலமைப்பின்படி மாநிலத்தின் அதிகாரத்தில் இருப்பவை. மானியப் பணத்தின் பெரும்பகுதி மத்திய அரசாங்கத்தினுடையது. புத்ராஜெயாவில் ஓர் அமைச்சு நல்ல மனத்தோடு திட்டம் போட்டாலும், கிராண்ட் இல்லாதவருக்கு அது எப்படிப் போய்ச் சேரும் என்பதை மாநில நில அலுவலகம் தான் தீர்மானிக்கிறது.

தேசிய நிலச் சட்டத்தில் இன்னும் இரண்டு விஷயங்கள் உள்ளன. அரசாங்க நிலத்தில் எத்தனை வருடம் உழைத்தாலும் அதனால் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது. 48ஆவது பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. "எங்கள் அப்பா காலத்திலிருந்து இருக்கிறோம்" என்ற வார்த்தைக்கு ஊரில் மதிப்பு உண்டு, நில அலுவலகத்தில் இல்லை. அடுத்தது டி.ஓ.எல். என்று நாம் சொல்லும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம். பலர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிலம் கிடைத்துவிட்டது போல் நிம்மதியாக இருக்கிறார்கள். அது ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிகிறது. அதை விற்கவோ வேறொருவருக்கு மாற்றவோ முடியாது. உரிமம் பெற்றவர் இறந்துவிட்டால் உரிமமும் அவரோடு முடிந்துபோகிறது. மகனுக்கு அது சொத்தாக வராது.

அப்பா பெயரில் உரிமம், அப்பா போய் ஐந்து வருடம், மகன் பயிர் செய்கிறார். இந்த நிலையில் மகனுக்கு மானியம் வரவில்லை என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வேதனைப்பட நிறைய இருக்கிறது.

இந்த ஆபத்தை முன்கூட்டியே பார்த்த ஒரு தலைவர் நம்மிடையே இருந்தார். 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதிய சோகம் அதுதான். அப்போது துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். பங்கு ஒன்று 100 வெள்ளி. மொத்தமாகக் கட்ட முடியாத பால்வெட்டுத் தொழிலாளி பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டினார். 1961இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையில் தினமும் நடக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கூட்டுறவால் எல்லாத் தோட்டத்தையும் காப்பாற்ற முடியவில்லை, அது வேறு விஷயம். நிலத்தின் கிராண்டில் பெயர் வேண்டும் என்பதை அவர் 1960லேயே சொல்லிவிட்டார்.

நிலம் இல்லாதவர் பெயரையும் எழுதலாம்

நிலம் இல்லையென்றால் மானியமே கிடையாதா? அப்படிச் சொல்லவும் முடியாது. ரப்பரைப் பாருங்கள்.

2015இல் ரப்பர் உற்பத்தி ஊக்கத்தொகை என்ற திட்டம் வந்தது. கட்டிப்பால் விலை ஒரு வரம்புக்குக் கீழே இறங்கினால், குறைவதை அரசாங்கம் போட்டு நிரப்பும். 2024இல் அந்த வரம்பு கிலோவுக்கு 3 ரிங்கிட். விலை 2 ரிங்கிட் 60 சென் என்றால் 40 சென் அரசாங்கம் தரும். விலை ஏறியிருக்கும் மாதத்தில் எதுவும் தராது. இதற்கு மலேசிய ரப்பர் வாரியத்தின் அட்டை வேண்டும். தோட்டம் வைத்திருப்பவர் மட்டுமல்ல, அடுத்தவர் மரத்தில் பால்வெட்டுகிறவரும் அந்த அட்டையைப் பெற வழி இருக்கிறது. கத்தி பிடித்த கையையும் கணக்கில் சேர்த்த திட்டம் அது. ரப்பருக்கு முடிகிறது என்றால் நெல்லுக்கும் காய்கறிக்கும் ஏன் முடியாது என்று அரசாங்கத்தைத் தாராளமாகக் கேட்கலாம்.

கோழி, முட்டை விஷயம் வேறு மாதிரி. 2022 பிப்ரவரியில் தொடங்கிய மானியம், பண்ணைக்காரரின் உற்பத்தி எண்ணிக்கையை வைத்து வழங்கப்பட்டது. முட்டைக்கு 10 சென். லட்சக்கணக்கில் முட்டை எடுக்கும் பண்ணைக்கு அதற்கேற்ற பணம், வீட்டுப் பின்புறம் இருபது கோழி வைத்திருப்பவருக்கு ஒன்றுமில்லை. கோழி மானியம் 2023 நவம்பர் முதல் தேதி நின்றது. முட்டை மானியம் 2025 மே மாதம் 5 சென்னாகக் குறைந்து, ஆகஸ்ட் முதல் தேதியோடு முடிந்தது. வாங்குகிறவர்களுக்கு விலை குறைவாக இருக்கட்டும் என்று கொடுத்த பணம் அது. ரொட்டி சானாய்க் கடைக்காரருக்கும் ஐந்து நட்சத்திர ஹோட்டலுக்கும் ஒரே மலிவு விலை என்ற விமர்சனம் கடைசி வரை இருந்தது.

தமிழ்நாட்டில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். இந்திய மத்திய அரசு 2019இல் விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக வங்கிக் கணக்கில் போடும் திட்டத்தைக் கொண்டுவந்தது. நிலப் பதிவேட்டில் பெயர் இருப்பவருக்கே அது. குத்தகை விவசாயிக்குக் கிடையாது. தஞ்சாவூர் டெல்டாவில் குத்தகைக்கு உழுகிறவர்கள் எத்தனையோ பேர், அவர்கள் வெளியே நின்றார்கள். அதே சமயம் 2020இல் என்ன நடந்தது தெரியுமா? தமிழ்நாட்டில் தகுதியில்லாத சுமார் 5.5 லட்சம் பேர் அந்தப் பட்டியலில் சேர்ந்திருப்பது தெரிய வந்தது. அதிகாரிகளின் கடவுச்சொல்லை இடைத்தரகர்கள் பயன்படுத்திப் பெயர்களை ஏற்றியிருந்தார்கள். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் அதிகம். சுமார் 110 கோடி ரூபாய். வழக்கு சி.பி.சி.ஐ.டி. வரை போனது. உழுகிறவனை வெளியே நிறுத்திய அதே பட்டியல், உழாதவனை உள்ளே விட்டுவிட்டது.

ஒடிசா மாநிலம் அதே சமயத்தில் வேறு வழியில் போனது. அங்கே கொண்டுவந்த காலியா திட்டத்தில் குத்தகைக்காரரையும் சேர்த்தார்கள். நிலமே இல்லாத விவசாயத் தொழிலாளர் குடும்பத்துக்கு ஆடு வளர்க்க, கோழி வளர்க்க 12,500 ரூபாய் என்று ஒதுக்கினார்கள். நடைமுறையில் அங்கும் தவறுகள் வந்தன, தகுதியற்றவர்கள் நுழைந்தார்கள். ஆனாலும் நிலமில்லாதவர் என்றொரு பிரிவைப் பாரத்தில் அச்சடித்ததே பெரிய காரியம்.

இங்கே, 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னுக்கு ஏறியபோது, சிறு விவசாயிகளுக்கு மாதம் 200 ரிங்கிட் என்று பூடி மடானி உதவி வந்தது. தொடங்கியபோது அதற்கான தகுதி, ஆண்டு விற்பனை 50,000 முதல் 300,000 ரிங்கிட் வரை. கீரைக்காரர் 50,000 ரிங்கிட்டுக்கு விற்றார் என்பதற்கு அத்தாட்சி என்ன? மார்க்கெட்டில் மொத்த வியாபாரி கொடுத்த துண்டுச் சீட்டை அவர் சட்டைப் பையில் வைத்திருப்பார், துவைக்கும்போது அது போய்விடும். நம்மவரில் பலர் கணக்குப் பார்க்காதவர்கள் அல்ல. மனக்கணக்கில் கெட்டிக்காரர்கள். காகிதத்தில் எழுதிவைப்பதுதான் இல்லை.

ஆகவே பயிர் செய்கிறவர்கள், மாடு வளர்க்கிறவர்கள் இந்த வாரமே பார்க்க வேண்டிய சில வேலைகள் உண்டு. அருகிலுள்ள விவசாயத் துறை அலுவலகத்துக்கும் வட்டார விவசாயிகள் அமைப்புக்கும் அடையாளக் கார்டோடு போய், பெயர் பதிவில் இருக்கிறதா என்று கேளுங்கள். மாடு வைத்திருப்பவர்கள் கால்நடைச் சேவைத் துறைக்குப் போக வேண்டும். குத்தகைக்கு எடுத்தவர்கள் நிலத்துக்காரரிடம் ஒரு தாளிலாவது கையெழுத்து வாங்குங்கள். எத்தனை ஏக்கர், எந்த வருடம் வரை, மானியமும் உரமும் யாருக்கு என்பது அதில் இருக்கட்டும். அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு என்று நினைப்பது நம் பழக்கம். அண்ணன் பிள்ளைகள் காலத்தில் அந்தத் தாள்தான் பேசும். விற்ற சீட்டுகளை ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தாலும் போதும்.

டி.ஓ.எல். வைத்திருப்பவர்கள் அதை இன்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். யார் பெயரில் இருக்கிறது, எந்த ஆண்டுக்குக் கட்டணம் கட்டியது என்று பாருங்கள். பெயருக்குரியவர் உயிரோடு இல்லையென்றால், அது செல்லாது. பயிர் செய்கிறவர் தம் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். கிள்ளான்வாசிகளுக்குக் கிள்ளான் நில அலுவலகம், பந்திங்கில் இருப்பவர்களுக்குக் கோலலங்காட் நில அலுவலகம். டிசம்பர் மாதக் கடைசி வாரத்தில் அங்கே கூட்டம் நெரியும், நவம்பரிலேயே போய்விடுவது நல்லது.